அடுப்புக் கணக்கு

செப்டம்பர் 18, 2023, திங்கள்

மேல்மண் வழித்தாயிற்று. மெஷின் போன பிறகு களம் மொட்டையடித்த தலை மாதிரிக் கிடக்கிறது. மஞ்சள் மண்ணில் கறுப்புப் பொட்டுகள். எல்லாம் கப்பு நின்ற தடம். மத்தியானத்துக்குள் முந்நூறு கொடிக்கு மேல் குத்திவிட்டோம். முதல் நாளே இடது முழங்கால் முறைப்பாடு.

பழைய வெண்டாட் ஊர். மூன்றாம் நீள்வீடு எனக்கு. கேட்டு வாங்கினேன். அதில் ஒன்றும் மிஞ்சியிராது, கலப்பை தின்று முடித்திருக்கும் என்றார் பெரியவர். பார்ப்போம்.

அம்மா கேட்டா: "இண்டைக்கு என்ன கண்டனீ?"

"மரம் நிண்ட இடம்."

"மரமோ?"

"மரம் இல்லை. நிண்ட இடம்."

சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு ரிவி பார்க்கப் போய்விட்டா.

செப்டம்பர் 19, செவ்வாய்

சுவர் தெரிகிறது. இரண்டு வரிசை, இடையில் ஏழு மீற்றர். நீளம் இன்னும் முடியவில்லை. இந்தக் கப்புகளை மேலே வளைத்துக் கட்டி, மரப்பட்டை போர்த்து, நடுவில் வரிசையாக அடுப்பு. புகை போகக் கூரையில் ஓட்டை.

வடக்குச் சுவரில் தடங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு கப்பு உக்கப் பக்கத்தில் இன்னொன்று. அதுவும் உக்க இன்னொன்று. மீற்றருக்கு எத்தனை என்று எண்ணினால் இந்த வீட்டில் சனம் எத்தனை வருசம் இருந்தது என்று மட்டுக்கட்டலாம். இருபது, முப்பது வருசம். அதற்குள் மண் களைத்துவிடும், விறகு தூரமாகிவிடும், ஊரோடு எழும்பிவிடுவார்கள்.

தெற்குச் சுவரில் தடம் குறைவு. வெயில் பட்ட பக்கம் உக்கவில்லையோ.

விசிலடிக்கிற பெடியன் காலையில் இருந்து ஒரே பாட்டு. ஒரே பாட்டு.

செப்டம்பர் 21, வியாழன்

அடுப்பு!

வழித்த சவளுக்குக் கீழே மண் செங்கல் நிறத்துக்கு மாறியது. மேசன் கரண்டியால் சுரண்டச் சுரண்ட வட்டம் வந்தது. மூன்று விரல் ஆழம்தான் மிச்சம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர். பிறகு என்ன, சுடுமா? ஆனால் வைத்தேன்.

ஓர் அடுப்புக்கு இரண்டு குடும்பம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. குடும்பத்துக்கு ஐந்து பேர். ஆகவே பத்து. இதை வீட்டால் பெருக்கி, வீட்டை ஊரால் பெருக்கி, ஊரை வருசத்தால் பிரித்து, கேரி வாரிக் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கி.பி. 500 முதல் 1650 வரை வெண்டாட் சனத்தொகை. ஆயிரத்துநூற்றைம்பது வருசம் இந்தச் செங்கல் வட்டங்களின் மேல் நிற்கிறது. நினைத்தால் தலை சுற்றுகிறது. சுற்றினது பசியாகவும் இருக்கலாம், பாணை வானிலே விட்டுவிட்டேன்.

இன்று நல்ல நாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அக்கா வந்தாள், சின்னவனோடு. மூக்கு ஒழுகுது. டேகெயாரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடிமனாம். அம்மா இறக்கி வைக்கவே இல்லை. வாயைத் துடைத்த கையால் தானும் சாப்பிட்டா.

பின்னேரம் எல்லோரும் டேபர் ஹில்லுக்கு நடந்தோம். புல்லு மேடு, மேலே கல்லு, சுற்றிவர வீடுகள். நாங்கள் பெல்லமி ரோட்டுக்கு வந்து பதினொரு வருசம், அம்மா இதை நாய் நடத்துற இடம் என்றுதான் நினைத்திருந்தா. இன்றைக்குத்தான் சொன்னேன். 1956இல் மண் வெட்டும் மெஷின் கண்டது. ஐந்நூறு பேரளவில். எழுநூறு வருசப் பழசு.

"சண்டையோ?"

"இல்லை. ஊர் மாறேக்கை முந்திச் செத்த எல்லாரையும் தோண்டி எடுத்து, எலும்பைத் துப்பரவாக்கி, தோலிலை சுத்தி, ஒண்டாப் போடுறது."

"ஒண்டாவோ? ஆற்றை எலும்பு ஆற்றை எண்டு தெரியாமலோ?"

"தெரியாமல்தான். கம்பாலை கலக்கிறது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. செருப்பைக் கழற்றினா. சின்னவன் கல்லில் ஏறி நின்று இருமினான்.

செப்டம்பர் 26, செவ்வாய்

மழை. வானுக்குள்ளே ஐந்து பேர், ஈரச் சப்பாத்து மணம். பெடியன் விசிலடிக்கவில்லை, தூக்கம். வாசித்தேன்.

பழைய வழக்கு. 1983இல் டோபின்ஸ் சொன்னார், வெள்ளைக்காரனைக் கண்ணால் காணுமுன்னமே 1500களில் கொள்ளைநோய் உள்நாடெல்லாம் போய்ச் சனத்தைத் தின்றுவிட்டது என்று. கேட்க நியாயமாக இருக்கும். நோய்க்குக் காலில்லை, வியாபாரப் பாதை போதும். ஆனால் நிலத்தில் அதைக் காணோம். ஊர்கள் சுருங்கவில்லை. 1300களில் சனம் கிடுகிடுவென்று கூடுகிறது, 1400களின் நடுவில் முப்பதாயிரமளவில் வந்து நிற்கிறது, அப்படியே நிற்கிறது. 1615இல் வந்த ஷாம்ப்ளேனும் முப்பதாயிரம் என்றுதான் எழுதினான். விழுந்தது 1634க்குப் பிறகு. கிழக்கே மொஹாக் பக்கமும் டீன் ஸ்னோ அதையேதான் கண்டார். 1634 மார்கழியில் அங்கே போன ஓர் ஒல்லாந்த வைத்தியன் கண்டதெல்லாம் புதுக் குழிகள்.

ஏன் நூறு வருசம் பிந்தியது? முதலில் வந்தது மீன்பிடிகாரர், தோல் வியாபாரி, சாமிமார். எல்லாம் வளர்ந்த ஆம்பிளைகள், சின்ன வயதிலேயே அம்மை கண்டு தப்பினவர்கள். நோய் கப்பலில் ஏறினாலும் கடல் கடக்க முதல் எரிந்து முடிந்துவிடும். 1630களில்தான் குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் வந்தார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

அம்மா போனில் தும்மினா. மூன்று முறை.

செப்டம்பர் 28, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல், 38.9. டைலனோல் கொடுத்து, போர்த்து, பிளாஸ்கில் கொத்தமல்லி ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். போயிருக்கக்கூடாது. போகாவிட்டால் காசில்லை. ஒப்பந்தம் நவம்பரோடு முடியுது.

இரண்டாவது அடுப்பு வந்தது. முதலாவதில் இருந்து ஆறு மீற்றர். சந்தோசம் வரவில்லை. அளந்தேன், படமெடுத்தேன், எழுதினேன்.

செப்டம்பர் 30, சனி

எமர்ஜென்சியில் ஏழு மணித்தியாலம். கதிரையில் இருந்தபடியே அம்மா நித்திரை. மூச்சு இழுக்கும்போது ஈர மரம் அடுப்பில் கிடக்கிற சத்தம்.

ரிவியில் செம்மஞ்சள் சட்டைகள். வதிவிடப் பள்ளிக்கூடங்களில் செத்த பிள்ளைகளின் நாள். யாரும் பார்க்கவில்லை. சத்தமும் நிறுத்தி வைத்திருந்தது.

நேர்ஸ் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். வருத்தங்கள்? சீனி, பிறஷர். எத்தனை பிள்ளைகள்?

"மூண்டு" என்றா அம்மா.

நான் இரண்டு என்று சொன்னேன்.

வலது நுரையீரலில் நியூமோனியா. மறித்துவிட்டார்கள்.

அக்டோபர் 1, ஞாயிறு

கட்டிலுக்குப் பக்கத்தில். ஒட்சிசன் குழாய். அம்மா நித்திரை, முழிப்பு, நித்திரை. "சின்னவனுக்குச் சுகமோ?" அவனுக்குச் சுகம். ஓடித் திரியிறான். இரண்டு நாள் தடிமன், அவ்வளவுதான் அவனுக்கு.

பையில் பழைய கொப்பி கிடந்தது. 1639, 1640. வெண்டாட் நாட்டில் வைசூரி. அதற்கு முந்தின வருசங்களில் வேறு வேறு காய்ச்சல்கள் வந்து போயிருந்தன. அந்த நேரம் பார்த்து லாலெமான் தன் சாமிமாரை வீடு வீடாக அனுப்பிக் கணக்கெடுக்கிறார். ஊர் ஊராக, அடுப்பு அடுப்பாக. சனத்துக்கு விளங்கிவிட்டது, இவர்கள் நுழைகிற வீட்டில் சாவு வருகிறது என்று. எழுதுகிறதுதான் சூனியம் என்றார்கள். அடித்தார்கள், கலைத்தார்கள். சாமிமார் திரும்பத் திரும்பப் போய் எண்ணினார்கள். கணக்கு முடிந்தது:

32 ஊர். 700 வீடு. 2,000 அடுப்பு. 12,000 பேர்.

இதை இருபது முறையாவது வாசித்திருப்பேன். பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். இன்றைக்குத்தான் பார்க்கிங் ரசீதின் பின்பக்கத்தில் பிரித்துப் பார்த்தேன். 12,000ஐ 2,000ஆல். அடுப்புக்கு ஆறு பேர். இரண்டு குடும்பம் என்றால் குடும்பத்துக்கு மூன்று.

ஐந்து, மூன்றாகிவிட்டது. ஆனால் அடுப்பு எரிகிறது. இரண்டு பக்கமும் ஆளிருக்கிறது. இதை நானூறு வருசம் கழித்து நான் போய்த் தோண்டினால் என்ன எழுதுவேன்? இரண்டு பெருக்கல் ஐந்து, பத்து. செத்தவர்களையும் இருத்தி எழுதியிருப்பேன்.

கிழவரும் பிள்ளைகளும்தான் கூடச் செத்தது. கதை தெரிந்தவர்களும் கதை கேட்க வேண்டியவர்களும்.

வார்டில் ஜன்னல் திறபடாது. வயிறு ஒரு மாதிரி.

அக்டோபர் 3, செவ்வாய்

அக்கா இரண்டு நாள் லீவு போட்டாள். நான் களத்துக்கு.

கியூபெக் அக்கா வந்துவிட்டா. வெண்டாட் தரப்புக் கண்காணிப்பு. ஐம்பது வயதிருக்கும், வெள்ளிக் காதுவளையம், பிரெஞ்சு இங்கிலிஷ். களத்தின் ஓரத்தில் கொஞ்சம் புகையிலை வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தா. பெடியன் ஹூரன் என்று ஏதோ சொல்ல, அது பிரெஞ்சுக்காரன் எங்கள் தலைமயிரைப் பார்த்துக் காட்டுப்பன்றி என்று வைத்த பட்டம், நீயும் அப்படித்தான் கூப்பிடப் போகிறாயா என்று கேட்டா. சிரித்துக்கொண்டேதான். பெடியன் சிவந்துவிட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

அறிக்கையில் இருக்கிற "கைவிடப்பட்ட ஊர்" என்ற சொல்லும் அவவுக்குப் பிடிக்காது. கைவிடவில்லை, இடம் மாறினோம் என்றா. இறந்தவர்களை விட்டுவிட்டு ஒரு நாளும் போகவில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டா. சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் என் தேத்தண்ணிக் கப்பை நிரப்பித் தந்தா.

அக்டோபர் 5, வியாழன்

மூன்றாவது அடுப்பு. அரைவாசி கலப்பை கொண்டுபோய்விட்டது.

அம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். மெலிந்துவிட்டா. வந்ததும் வராததுமாகக் குசினியைப் பார்த்து, "என்ரை அகப்பை எங்கை?" நான் அழுதேன். அகப்பைக்காகத்தான் என்று நினைத்திருப்பா.

அக்டோபர் 9, திங்கள்

தேங்ஸ்கிவிங். அக்கா வீடு. வான்கோழிக்கு மிளகாய்த்தூள் போட்டும் ருசியில்லை. பூசணி பை எனக்குப் பிடிக்கும்.

அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. கேள்விக்கு மேல் கேள்வி. என்ன சாப்பிட்டவை? சோளம், பூசணி, ஒரு வகை போஞ்சி. மீன். மான் கொஞ்சம். எருவுக்கு என்ன? எரு போட்டதாகத் தெரியாது. மாடு? மாடில்லை. கலப்பை? கலப்பையும் இல்லை, பெண்கள் கொத்தி மேடு பிடித்தவை.

"ஒரு மேட்டிலை மூண்டையுமோ?"

"ஓம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கையால் காற்றில் நட்டுப் பார்த்தா. சோளம் நேரே. போஞ்சி அதைச் சுத்தி ஏறும், கொடிக்குத் தடி வெட்டத் தேவையில்லை. பூசணி இலை நிலத்தை மூடும், புல்லு வராது, ஈரம் காயாது. "போஞ்சி வேர் மண்ணுக்கும் நல்லது" என்றா. எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை எடுத்தது இதை விளங்க. அம்மா வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டே முடித்துவிட்டா.

போஞ்சி இங்கே வந்தது 1300 அளவில்தான் என்று சொன்னேன். சோளம் அதற்கு எண்ணூறு வருசம் முந்தி.

"அதுதான் பேந்து சனம் கூடினது. வெறுஞ் சோளத்தோடை பிள்ளை வளர்க்கேலாது."

இது ஒரு கருதுகோள் அம்மா, ஆட்கள் சண்டை பிடிக்கிற விசயம் என்றேன். "என்ன சண்டை?" என்றா.

அக்டோபர் 12, வியாழன்

மேல்மண் வழிக்க முந்தியே, ஜூலையில் அனுப்பின சோளமணிக்கு ரேடியோ காபன் முடிவு. கோடு இரண்டு திமிலோடு வந்திருக்கிறது. ஒன்று 1400களின் கடைசி. மற்றது 1600ஐ ஒட்டி. அந்த நூறு வருசத்துக்கு வளைவு ஒழுங்காக இறங்காது, ஆடும். இன்னும் மணி அனுப்ப வேண்டும். காசு கேட்க வேண்டும். பெரியவர் முகம் சுளித்தார்.

கண்ணாடி மணி ஒன்றுகூட இல்லை, ஆகவே 1400கள் என்று எழுது என்கிறார். அப்படித்தான் முந்தி எல்லோரும் எழுதினார்கள். ஐரோப்பியச் சாமான் இல்லையா, அப்போது பழைய ஊர். ஸ்டூவ்வில்லில் மான்டில் களம், தொண்ணூற்றெட்டு நீள்வீடு, ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல். அதை 1500களின் தொடக்கம் என்று வைத்திருந்தார்கள். 2018இல் காபனை ஒழுங்காகப் பார்த்தால் 1600ஐ ஒட்டி வந்து நிற்கிறது. ட்ரேப்பர் களமும் அப்படியே அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பக்கம் தள்ளுப்பட்டது. சாமான் கிடைக்காத ஊர் இருந்திருக்கும். கிடைத்தும் வேண்டாம் என்ற ஊரும் இருந்திருக்கும். இது ஒருவருக்கும் தோன்றவில்லையா?

எனக்கு இது நூறு வருசத் தகராறு மட்டுமில்லை. முதல் திமில் என்றால் இந்த வீட்டில் படுத்தவர்கள் யாரும் 1639ஐக் காணவில்லை. இரண்டாவது என்றால், இந்த அடுப்பில் குளிர் காய்ந்த பிள்ளை வளர்ந்து, கிழவியாகி, கண்டிருக்கும்.

முதல் திமிலாக இருக்கட்டும். ஆராய்ச்சிக்காரி இப்படி ஆசைப்படக்கூடாது.

முழங்கால் இன்று பரவாயில்லை.

அக்டோபர் 16, திங்கள்

நான்காவது அடுப்பு. வீட்டு நீளம் முடிந்தது: 38 மீற்றர். கிழக்கு வாசல் தெரியுது. வாசலுக்கு வெளியே மண் இறுகிக் கிடக்கு. பாதை.

நாற்பது பேர். இடைவெளியைப் பார்த்தால் இன்னோர் அடுப்பு இருக்க வேண்டும். ஐம்பது.

அக்டோபர் 17, செவ்வாய்

பாதை ஓரம். 11:20.

மிகச் சிறியது.

கரண்டியைக் கீழே வைத்தேன். எழும்பவில்லை. கியூபெக் அக்கா தூரத்தில் இருந்தே கண்டுவிட்டா, ஓடி வரவில்லை, நடந்து வந்தா. நான் தறப்பாள் எடுத்துவந்து மூடினேன். வேலை நின்றது. பொலிஸ், பிறகு கொரோனர் அலுவலகம், அதுதான் முறை. பொலிஸ்காரன் சின்னப் பெடியன், தொப்பியைக் கழற்றினான். பழசு என்று உறுதியாக இரண்டு மணித்தியாலம்.

அவ தறப்பாளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. நாலு மணி வரைக்கும். நானும் இருந்தேன். கால் விறைத்தது. குளிர் காற்சட்டைக்குள்ளால் ஏறியது.

அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 18, புதன்

களத்தில் வேலையில்லை. வானுக்குள் இருந்தோம்.

எடுக்கிறதில்லை என்று முடிவு. அப்படியே மூடி, சுற்றிவர இடம் விட்டு, கட்டடக்காரர் வரைபடத்தை மாற்ற வேண்டும். பெரியவர் போனில் குரலைத் தாழ்த்திக் கதைத்துக்கொண்டே இருந்தார். விட்ட இடத்துக்குள் வீட்டின் கிழக்கு முனையும் போகுது. ஐந்தாவது அடுப்பு அங்கேதான். இருந்தால்.

அந்தச் சாமிமாரில் ஒருவர், பிரெபூஃப், எழுதியிருக்கிறார். ஒன்றிரண்டு மாதத்தில் செத்த பிள்ளைகளை மற்றவர்கள் மாதிரி வைக்கமாட்டார்களாம். பாதை ஓரம் புதைப்பார்கள். போகிற வருகிற பெண்ணின் வயிற்றுக்குள் அது போய்த் திரும்பப் பிறக்கட்டும் என்று. பெரிய குழிக்கும் இல்லை, கணக்குக்கும் இல்லை.

நாங்கள் நாலு கிழமையாக அந்தப் பாதையால்தான் வாளியோடு போய் வந்தோம்.

அக்டோபர் 19, வியாழன்

ஒன்றுமில்லை. மழை.

அக்டோபர் 23, திங்கள்

காலையில் கரண்டியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். சாமித்தட்டில் இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் கொப்பிகள், சின்னவனின் நிறப் பென்சில், கரண்டி. சந்தனப் பொட்டு வேறு.

"நாளைக்குத்தான் எடுக்கலாம்."

"அம்மா, வேலை."

"கலைமகளுக்கு வைச்சதை எடுக்கேலாது, பிள்ளை."

பெடியனின் கரண்டியைக் கடன் வாங்கி வேலை செய்தேன். ஏன் என்று சொன்னேன். தன்னுடையதையும் அடுத்த வருசம் அம்மாவிடம் தரட்டுமா என்று கேட்டான். நல்ல பெடியன்தான். விசில்தான் கரைச்சல்.

நவம்பர் 2, வியாழன்

நிலம் உறையத் தொடங்கிவிட்டது. காலையில் தறப்பாளைத் தூக்கினால் தகடு மாதிரி. விரல் நுனி வெடித்து இரத்தம். குப்பைமேட்டை அரிதட்டில் அரிக்கிறோம். கரிந்த சோளமணி, மீன்முள், பானை விளிம்பு. ஒரு விளிம்பில் விரல் நகம் பட்ட வளைவு. என் சின்னவிரல் அதில் சரியாக இருந்தது. பிள்ளை செய்த பானையாக இருக்கும். அப்படிப்பட்ட சின்னக் கோணல் பானைகள் வரும்.

பைக்குள் போட்டேன். இலக்கம் எழுதினேன்.

பெடியனுக்கு இருமல். தள்ளி நில் என்று கத்திவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்க் போட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

அம்மாவுக்கு நடைப் பயிற்சி. டேபர் ஹில். மேட்டில் ஏறவில்லை, கீழேயே நின்றோம்.

"பேந்து எங்கை போனவை உந்தச் சனம்?"

சொன்னேன். வடக்கே ஜோர்ஜியன் குடாப் பக்கம் போய் நெருங்கிச் சேர்ந்து இருந்தவர்கள். வருத்தம். பிறகு 1649இல் ஹோடினோஷோனி படை. சாமிமார் தங்கள் கோட்டையைத் தாங்களே கொளுத்திவிட்டு வெளிக்கிட, சனம் கிறிஸ்டியன் தீவுக்கு. அந்த மாரி முழுக்கப் பட்டினி. ஓக் கொட்டை, காளான், தோல். ஐம்பதாம் வருசம் முந்நூறு பேரளவில் கியூபெக்குக்கு வள்ளத்தில் போனார்கள்.

"மிச்சப் பேர்?"

மிச்சப் பேர் கன இடம். செனெக்காவுக்குள்ளே ஓர் ஊராகவே போய் இருந்தவர்கள். மேற்கே போனவர்கள் டிட்ராய்ட், ஒஹையோ, கன்சஸ், ஒக்லஹோமா.

அம்மா விரலை மடக்கினா. தியாகு மாமா ஆட்கள் ஜேர்மனி. சின்னம்மா லா சப்பல். மேற்கு வீட்டுக்காரர் நோர்வே. வாத்தியார் வீடு ஆரும் இல்லை. கோயிலடி அக்கா, அவ எங்கை? அவ எங்கை எண்டு தெரியாது. பனங்கூடலடியார் லண்டன். ஒழுங்கை முடியும் வரைக்கும் போனா. இரண்டு கையும் போதவில்லை.

"குளிருது, வாங்கோ" என்றேன்.

நவம்பர் 8, புதன்

கியூபெக் அக்கா நாளைக்குப் போகிறா. 1999இல் ஓசொசானேக்கு வந்த கதை சொன்னா. 1947, 48இல் மியூசியம் கிண்டி எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தவர்களைத் திரும்ப அதே குழியில் வைத்த நாள். பிரெபூஃப் 1636இல் கண்ணால் கண்டு எழுதின அதே குழி. 2013இல் வோனில் 1,700 பேருக்கு மேல், பல்கலைக்கழகத்துப் பெட்டிகளில் இருந்து. கை நோக நோகத் தூக்கினோம் என்றா. எவ்வளவு பாரம் இருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை. அவவும் சொல்லவில்லை.

போகும்போது தறப்பாள் இருந்த பக்கம் போய்விட்டு வந்தா.

அம்மாவுக்கு என்று ஒரு சின்னப் பை சோளமா தந்தா.

நவம்பர் 14, செவ்வாய்

கந்தசட்டி தொடங்கியாயிற்று. வைத்தியர் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று சொல்லியும் ஒரு நேரம் பாலும் பழமும்தான். கத்தினேன். "முருகன் பார்த்துக்கொள்ளுவான்." மருந்தையாவது குடியுங்கோ. அதைக் குடிக்கிறா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கியூபெக் அக்காவின் மா அலுமாரியில். விரதம் முடிய புட்டு அவிக்கப் போறாவாம்.

நவம்பர் 18, சனி

சூரன்போர். கோயிலில் சனம். அம்மாவை மாஸ்க்கோடு கூட்டிப்போனேன். மூன்று மணித்தியாலம் நின்றா. எனக்குத்தான் முழங்கால் போய்விட்டது.

நவம்பர் 21, செவ்வாய்

கடைசி நாள். மெஷின் வந்தது. பாதை ஓரத்து இடத்துக்கு வேலி போட்டாயிற்று. மிச்சமெல்லாம் போகும். முதலாம் அடுப்புக்கு மேல் சக்கரம் ஏறுவதைப் பார்க்கக்கூடாது என்று வானுக்குள் போய் இருந்தேன். கண்ணாடியில் பார்த்தேன்.

பெடியன் கைகுலுக்கினான். அவனுக்குச் சுகம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றான்.

நவம்பர் 23, வியாழன்

சனத்தொகை அட்டவணை. வீடு ஒன்று, இரண்டு, மற்றவர்கள் நிரப்பிவிட்டார்கள். வீடு மூன்று: நான் 24 முதல் 50 என்று போட்டு அனுப்பினேன். கீழே ஒரு பந்தி, அடுப்புக்கு ஆறு பேர் என்ற கணக்கை ஏன் விட்டுவிட முடியாது, எந்தத் திமில் என்று தெரியும் வரை. பெரியவர் சிவப்பில் திருப்பி அனுப்பினார். ஒரு இலக்கம் வேண்டும், பெட்டி சின்னது. தப்பில்லை, அவருக்கும் மேலே ஆட்கள். பந்தியைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டார்.

50 என்று அடித்தேன். பெட்டிக்குள் அது சரியாக இருந்தது.

மார்ச் வரைக்கும் லாப் வேலை. கழுவுறது, பிரிக்கிறது, எண்ணுறது. சந்தோசம்தான். சொன்னவுடனே முழங்காலைத்தான் நினைத்தேன், கதிரையில் இருந்து செய்யலாம்.

இரவு அம்மா சோளமாவில் புட்டு அவித்தா. மஞ்சளாக, கொஞ்சம் இனிப்பாக. தேங்காய்ப்பூவுக்குச் சேருது.

"எத்தினை பேர் எண்டு கண்டுபிடிச்சியோ?"

"ஓம்."

"எத்தினை?"

"அம்பது."

"எவ்வளவு நீளம் எண்டனீ வீடு?"

"முப்பத்தெட்டு மீற்றர்."

அம்மா புட்டுக்குழலைத் தட்டினா. "காணாது" என்றா.